என்ஜினுக்கு வைத்தியம்

உப்பளத்துத் தண்ணீரை ஊற்றி ஒரு ரயில் என்ஜினைக் கொன்ற பாவம் எனக்கு உண்டு.

வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். அந்த என்ஜினின் நீளம் ஒரு முழத்துக்கும் குறைவு. அதைக் கொன்றபோது என் வயது பத்து.

எங்கள் ஊர் கிளியனூர். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது. கிழக்கே கடலைப் பார்த்துப் போனால் மரக்காணத்து உப்பளங்கள் வந்துவிடும். புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அங்கே என் தாய்மாமன் அந்தப் பொம்மை என்ஜினை வாங்கி வந்தார். உடம்பு முழுவதும் பித்தளை. வயிற்றில் ஒரு சிறு பாய்லர். அதன் கீழே திரி போட்ட ஸ்பிரிட் விளக்கு. இரு புறமும் விரல் நுனி அளவில் இரண்டு சிலிண்டர்கள். தண்ணீர் ஊற்றி விளக்கை ஏற்றினால் ஐந்து நிமிஷத்தில் பெருமூச்சு விட்டுக்கொண்டு கூடத்தைச் சுற்றி வரும்.

மாமா விழுப்புரம் லோகோ ஷெட்டில் பாய்லர் பிட்டராக இருந்தவர். பெரிய என்ஜின்களுக்குப் பகலெல்லாம் வைத்தியம் செய்த கை, ராத்திரியில் இந்தச் சின்ன என்ஜினையும் தொடாமல் தூங்காது. "இதுக்கு மழைத் தண்ணிதான் ஊத்தணும். வேற தண்ணி ஊத்தினா கையை ஒடிச்சிடுவேன்" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எனக்கு அதில் நம்பிக்கை ஏற்படவில்லை. மழைத் தண்ணீரில் என்ன சத்து இருக்கிறது? மரக்காணம் போயிருந்தபோது, உப்பளத்துத் தேக்கத்தில் நின்ற தண்ணீரைக் கையால் அள்ளிப் பார்த்திருந்தேன். கனமாக, வழவழப்பாக, எண்ணெய் போல் இருந்தது. கனமான தண்ணீர் கனமான ஆவியைத் தரும், கனமான ஆவி வேகமாக இழுக்கும் என்று ஒரு விஞ்ஞானத்தை நானே கண்டுபிடித்தேன். ஒரு புட்டியில் அந்தத் தண்ணீரைக் கொண்டு வந்து, மாமா இல்லாத வேளையில் ஊற்றி விளக்கையும் ஏற்றிவிட்டேன்.

என்ஜின் நாலு அடி போயிற்று. இருமிற்று. எல்லாப் பொருத்துக்களிலும் வெள்ளையாகக் கக்கிற்று. அப்புறம் நின்றுவிட்டது.

இத்தகைய பொம்மை என்ஜின்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பித்தளை நீராவி என்ஜின்களைக் கம்பளத்தின் மேல் ஓட்டினார்கள். போகிற வழியெல்லாம் தண்ணீரைச் சிந்திக்கொண்டே போகும் என்பதால் 'ஒழுகுணி' என்கிற அர்த்தத்தில் அவற்றுக்குக் கேலிப் பெயர் வைத்திருந்தார்கள். தீப்பிடித்த கம்பளங்களும் சில இருந்திருக்கும். பிறகு 1891-இல் ஜெர்மனியில் மார்க்லின் கம்பெனியார் அளவு குறித்த தண்டவாளங்களோடு பொம்மை ரயில்களை விற்கத் தொடங்கினார்கள். 1920-இல் லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயிலைக் கொண்டுவந்தார். அதன் பின் நெருப்பு போய் வில் வந்தது, வில் போய் மின்சாரம் வந்தது. ஆனால் நெருப்பும் தண்ணீரும் உள்ள பொம்மைக்குத்தான் நிஜ என்ஜினின் நோய்கள் எல்லாம் வரும். இதை நான் மாமாவிடம் கற்றேன்.

அன்றிரவு மாமா என்னை அடிக்கவில்லை. பொம்மையைக் கையில் எடுத்து, கூடத்து விளக்கடியில் உட்கார்ந்து, வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ளே, இங்க வந்து உக்காரு. முதல்ல என்ன பாக்கணும் தெரியுமா?"

"எங்க ஒடைஞ்சிருக்குன்னு பாக்கணும், மாமா."

"அது அப்புறம். இதுக்கு முன்னாடி யாரு, எங்க கை வெச்சிருக்கான்னு பாக்கணும். இதோ பாரு, இந்தப் பத்து புதுசு. இந்த ஆணி வேற ஊரு ஆணி. உனக்கு முன்னாடியே ஒருத்தன் இதைக் கெடுத்திருக்கான். இன்னொருத்தன் சரி பண்ணியிருக்கான். அவன் என்ன நெனச்சான்னு தெரிஞ்சுக்காம நீ திருப்புளியைத் தொடக் கூடாது."

பழைய இயந்திரங்களைப் பழுது பார்ப்பது பற்றி இதைவிட நல்ல வார்த்தையை நான் பிறகு எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இரண்டு நாள் வெந்நீரை மாற்றி மாற்றி ஊற்றி வைத்தார். உப்பு கரைந்து போயிற்று. அப்புறம் புளித்தண்ணீர் ஊற்றி வைத்தார். சுண்ணாம்புப் பிடிப்பு இளகிற்று. அதற்கும் அசையாத ஒரு வெள்ளைப் பொருக்கு இருந்தது. அதைப் பழைய குடைக் கம்பி ஒன்றை வளைத்து, தண்ணீர் ஊற்றும் துளை வழியாக விட்டுச் சுரண்டி எடுத்தார். விட்டுப் போன பொருத்துக்கு ஈயம் வைத்துப் பற்றவைத்தார். பிஸ்டனுக்கு வேட்டி நூலை எண்ணெயில் தோய்த்துச் சுற்றினார். நாலாம் நாள் என்ஜின் மூச்சு விட்டது.

அந்தப் பொருக்கைத் தாளில் தட்டி என்னிடம் காட்டி, "இது என்ன சொல்லு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "உங்க மரக்காணத்து ஆளுங்களைக் கேளு, சொல்லுவாங்க" என்றார்.

கேட்டேன். சொன்னார்கள். கடல் நீரைப் பாத்தியில் விட்டால் எடுத்த எடுப்பில் உப்பு விளைந்துவிடுவதில்லை. வெயிலில் சுண்ட வேண்டும். சுண்டும்போது முதலில் படிவது சுண்ணாம்பு. அதற்கடுத்துப் படிவது ஜிப்சம். அதெல்லாம் முந்தைய தேக்கங்களில் இறங்கிய பிறகுதான் கடைசிப் பாத்தியில் வெள்ளை வெளேரென்று உப்புப் பூக்கும். இந்த வரிசை தெரிந்தவன்தான் உப்பளக்காரன். மாமா குடைக் கம்பியால் சுரண்டியது அந்த ஜிப்சம். ரயில் என்ஜினின் பாய்லரிலும் இதே சுண்ணாம்பும் ஜிப்சமும்தான் படிகின்றன. தண்ணீர் ஆவியாகப் போகிறது. அது தூக்கிவந்த கல்லும் மண்ணும் பின்னால் தங்கிவிடுகின்றன. உப்பளத்தில் தங்குவது சோறு போடுகிறது. பாய்லரில் தங்குவது உயிரை வாங்குகிறது.

இது மிகைப்பட்ட பேச்சு அல்ல. கரி என்ஜினுடைய பாய்லரின் வயிற்றில் நூற்றுக்கணக்கான குழாய்கள் ஓடுகின்றன. குழாய்க்குள் நெருப்புப் புகை. குழாய்க்கு வெளியே தண்ணீர். பொருக்குப் படிந்தால் வெப்பம் தண்ணீருக்குப் போகாது, இரும்பிலேயே தங்கும். இரும்பு பழுத்து இளகும். இளகிய இடம் உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தாங்காது. அதனால் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒரு முறை ஷெட்டில் நெருப்பை இறக்கி, பாய்லரை மெல்ல மெல்ல ஆறவிட்டு, அடைப்பான்களைக் கழற்றி, தண்ணீரைப் பீய்ச்சி அலம்புவார்கள். அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரை விட்டால் இரும்பு வெடித்துவிடும். பிறகு உள்ளே ஒருவன் சுத்தியலோடு நுழைவான். நெருப்புப் பெட்டியின் சுவர்களைத் தாங்கி நிற்கும் ஸ்டே போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவான். முழுசாக இருப்பது கணீரென்று சொல்லும்; உள்ளே முறிந்தது தொண்டை கட்டியவன்போல் பேசும். நெருப்புப் பெட்டியின் கூரையில் ஈயம் அடைத்த ஒரு திருகும் உண்டு. தண்ணீர் குறைந்து கூரை காய்ந்தால் ஈயம் உருகி, ஆவி பாய்ந்து, தீயை அடக்கும்; ஆட்களை எச்சரிக்கும். மாமா முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தட்டும் தொழிலைச் செய்தார். அவருடைய காது அதற்கென்று பழகிய காது.

1990-களின் இறுதிக்குள் மலை ரயில்கள் போன்ற சிலவற்றைத் தவிர நம் தேசத்தில் கரி என்ஜின்களின் தினசரி ஓட்டம் முடிந்துவிட்டது. சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972-இலேயே நீராவி என்ஜின் செய்வதை நிறுத்திவிட்டது. மாமாவும் ஓய்வு பெற்றார். அந்தக் காதுக்கு இனி வேலை இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அப்படி நினைத்தது எவ்வளவு தவறு என்பதைச் சொல்ல, சற்றுப் பின்னால் போக வேண்டும்.

1855-ஆம் வருஷம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்ஸன், ஹெவிட்ஸன் என்பவர்களின் தொழிற்சாலையிலிருந்து இரட்டைப் பிள்ளைகள்போல இரண்டு என்ஜின்கள் கல்கத்தாவுக்குக் கப்பலேறின. ஈஸ்ட் இந்தியன் ரயில்வே அவற்றுக்கு 21, 22 என்று எண் கொடுத்தது. 21-க்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். 22-தான் பிற்காலத்தில் 'ஃபேரி குவீன்' என்று உலகப் பிரசித்தி பெற்றது. எடை சுமார் 26 டன். இழுக்கும் சக்கரங்கள் ஒரே ஜோடி. ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னாட்டின் முதல் பிரயாணி ரயில் கிளம்பியதற்கு முந்தைய வருஷமே இவை பிறந்துவிட்டன. ஃபேரி குவீன் ஹௌராவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையே தபால் வண்டிகளை இழுத்தது. 1857 கிளர்ச்சியின்போது சிப்பாய்களை ஏற்றிச் சென்றது. 1909-இல் ஓய்வு கொடுத்தார்கள். ஹௌராவில் ஒரு மேடைமேல் ஏற்றி வைத்தார்கள்; பிறகு சந்தௌசி ரயில்வே பயிற்சிப் பள்ளியில் நின்றது; அதன் பிறகு, 1977-இல் திறக்கப்பட்ட டில்லி ரயில் மியூசியத்துக்குப் போயிற்று. சகோதரனான எக்ஸ்பிரஸும் ஜமால்பூரிலும் ஹௌராவிலும் காட்சிப் பொருளாகவே காலம் கழித்தது.

மேடைமேல் வைப்பதை மரியாதை என்று நினைக்கிறோம். என்ஜினுக்கு அது மரியாதை அல்ல. ஓடுகிற என்ஜினை வாரா வாரம் ஒருவன் திறந்து பார்ப்பான்; எண்ணெய் விடுவான்; தேய்ந்ததை மாற்றுவான். மேடைமேல் நிற்கும் என்ஜினுக்கு வருஷம் ஒரு முறை வர்ணம் பூசுவார்கள். வெளியே பளபளப்பு ஏற ஏற, உள்ளே குழாய்கள் அரித்துக்கொண்டு போகும்.

ஃபேரி குவீனை மீண்டும் ஓட வைப்பது என்று ரயில்வேக்காரர்கள் முடிவு செய்தபோது, அதை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? சென்னை பெரம்பூருக்கு! மதராஸ் ரயில்வே 1856-இல் தொடங்கிய தொழிற்சாலை அது. 1996-இல் அங்கே என்ஜினைப் பிரித்துப் போட்டார்கள். வரைபடம் கேட்டால் அனுப்புவதற்கு லீட்ஸில் அந்தக் கம்பெனி இல்லை. கடையில் உதிரிப் பாகமும் கிடைக்காது. கையில் இருக்கும் பழைய பாகத்தை அளந்து, அது தேய்வதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து, அப்படியே ஒன்று செய்ய வேண்டும். மாமா எனக்குச் சொன்ன பாடத்தையே அவர்களும் முதலில் படித்திருப்பார்கள்: நமக்கு முன் யார், எங்கே கை வைத்திருக்கிறான்?

1997-இல், 88 வருஷத்துக்குப் பிறகு, ஃபேரி குவீன் மறுபடியும் தண்டவாளத்தில் ஓடியது. டில்லியிலிருந்து ஆல்வாருக்கு உல்லாசப் பயணிகளை இழுத்தது. மறு வருஷம் கின்னஸ் புத்தகத்திலும் இடம் பெற்றது.

கதை இத்துடன் சுபமாக முடியவில்லை. 2011-இல் திருடர்கள் புகுந்து அதன் முக்கிய பாகங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நூற்றைம்பது வருஷத்துப் பித்தளை அவர்களுக்கு எடைக்குப் போட வேண்டிய பித்தளை. என்ஜின் மறுபடியும் பெரம்பூருக்கு வந்தது. அங்கே மீண்டும் உருப்பெற்ற பிறகுதான் திரும்ப ஓடியது. இதற்கிடையில் எக்ஸ்பிரஸுக்கும் பெரம்பூரில் வைத்தியம் நடந்தது. தேவையான பாகங்களை அங்கேயே செய்து பொருத்தி, 2010-இல் அதையும் எழுப்பிவிட்டார்கள்.

இவ்வளவையும் மாற்றிய பின் அது பழைய என்ஜின்தானா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் திருவாரூர்த் தேரைத்தான் காட்ட வேண்டும். 1948-க்குப் பிறகு அந்தத் தேர் ஓடாமல் நின்றுவிட்டது. 1970-இல் மறுபடி ஓடியபோது அதற்கு இரும்பு அச்சும் பிரேக்கும் செய்து கொடுத்தவர்கள் திருச்சி பெல் தொழிற்சாலையார். அச்சு மாறிற்றே, இது தியாகேசர் தேரில்லை என்று யாராவது வடத்தைக் கீழே போட்டார்களா? ஓடினால் தேர், நின்றால் மரம். என்ஜினுக்கும் இதே நியாயந்தான்.

நிற்காமலே ஓடிக்கொண்டிருப்பதன் பெருமையை அறிய வேண்டுமானால் நீலகிரிக்குப் போக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ரயில் ஏறத் தொடங்கியது. உதகைக்கு 1908-இல் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறும் செங்குத்தான பாதை. சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். ஆகையால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த சட்டம் போட்டிருக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் விண்டர்தூர் நகரத்தில் செய்த 'எக்ஸ்' வகை என்ஜின்களுக்கு நாலு சிலிண்டர்கள். இரண்டு, சக்கரத்தைச் சுழற்றும். அங்கே வேலை செய்து களைத்த ஆவியை வீணாக்காமல் மற்ற இரண்டுக்கும் அனுப்பி, பற்சக்கரத்தைச் சுழற்றுவார்கள். இவற்றில் கடைசி என்ஜின்கள் வந்தது 1952-இல்.

அவற்றைக் குன்னூர் ஷெட்டில் அன்றாடம் கவனிக்கிறார்கள். பெரிய வியாதி வந்தால் திருச்சி பொன்மலைக்கு அனுப்புகிறார்கள். பொன்மலைத் தொழிற்சாலைக்கும் நீண்ட பரம்பரை உண்டு. முதலில் நாகப்பட்டினத்தில் இருந்த பட்டறையைத்தான் 1920-களின் பிற்பகுதியில் அங்கே கொண்டுவந்தார்கள். ஸ்விஸ் என்ஜின்களின் ஒவ்வோர் உறுப்பையும் தலைமுறை தலைமுறையாகக் கழற்றி மாட்டிய அந்தக் கைகள் கடைசியில் என்ன செய்தன? 2011 முதல் புதிய 'எக்ஸ்' வகை என்ஜின்களையே செய்து மலைக்கு அனுப்பின. முதலில் எண்ணெயில் எரிபவை. 2021-இல் நிலக்கரியில் எரிவதும் ஒன்று. உலகமெல்லாம் நீராவியை மறந்த பிறகு பொன்மலையில் ஒரு நீராவி என்ஜின் புதிதாகப் பிறந்தது! பழுது பார்ப்பதை விடாமல் செய்துகொண்டிருந்தவனுக்குப் படைக்கவும் தெரிந்துவிட்டது.

பெரம்பூர் என்ஜின்கள் நின்று எழுந்தவை. நீலகிரி என்ஜின்கள் நிற்கவேயில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. இரும்பை மியூசியத்தில் வைத்துக் காப்பாற்றலாம். தொழிலை அப்படிக் காப்பாற்ற முடியாது. அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, வேலை நடக்கும்போதே மாற வேண்டும். நடுவில் ஒரு தலைமுறை கையை நீட்டாமல் போனால் அறுந்துவிடும். பாய்லரைத் தட்டி அறியும் காதைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதிவிட முடியும். ஆனால் ஒரு ஸ்டே போல்ட்டைத் தட்டிவிட்டு, முழுசா முறிந்ததா என்று சொல் என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது. மாமா கையை நீட்டிய காலத்தில் நான் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். இது கொஞ்சம் உறுத்துகிற சங்கதிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுதந்திர தினத்தன்று, எழும்பூரிலிருந்து கோடம்பாக்கத்துக்கு எக்ஸ்பிரஸ் என்ஜின் ஓடப் போகிறது என்று பத்திரிகையில் படித்தேன். மாமாவைக் கிளியனூரிலிருந்து காரில் அழைத்துக்கொண்டு போனேன். அவருக்கு அப்போதே வயது எண்பதை நெருங்கியிருந்தது. பார்வை மங்கியிருந்தது. பிளாட்பாரம் கொள்ளாத கூட்டம். பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். எல்லோரும் படம் பிடித்தார்கள். மாமா ஒரு தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மயக்கமோ என்று நான் பயந்துபோனேன்.

என்ஜின் ஊதியது. மெல்ல நகர்ந்தது. மாமாவின் வலது கை விரல்கள் வேட்டி மடிப்பின்மேல் தாளம் போட்டன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இரண்டு சிலிண்டர் என்ஜின், சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் நாலு முறை ஆவியை வெளியே தள்ளும். வால்வுகளைச் சரியாகப் பொருத்தாவிட்டால் நாலில் ஒன்று நொண்டும்.

வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

"நாலும் சமமா விழுதுடா, மாப்ளே" என்றார். "வால்வு செட் பண்ணவன் எவனோ, நல்லாப் பண்ணியிருக்கான்."

"உங்க காலத்து ஆளா இருப்பாங்களோ, மாமா?"

"என் காலத்து ஆளுங்க எல்லாம் ரிடையர் ஆயிட்டானுங்க. இவன் சின்னப் பையனாத்தான் இருப்பான். எவன்கிட்டயோ கத்துக்கிட்டிருக்கான்." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கத்துக்கிட்டிருக்கான், பாரு" என்று மறுபடியும் சொன்னார். ஊர் திரும்பும் வரை அவர் வேறு ஒன்றும் பேசவில்லை. அவர் முகத்தில் அத்தனை நிம்மதியை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அந்தப் பித்தளை என்ஜின் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. பல வருஷமாக அதைப் பளபளவென்று துடைத்துத்தான் வைத்திருந்தேன், விளக்கு ஏற்றவில்லை. மேடைமேல் ஏற்றிய பாவத்தை நானும் செய்துகொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஐப்பசி மழை தொடங்கியவுடன் மாமாவைக் கூடத்தில் உட்கார வைத்தேன். மழைக்காலத்தில் மரக்காணத்துப் பாத்திகள் மூழ்கி, உப்பளத்து ஜனங்களுக்கு வேலை நின்று போகும். உப்புக்குச் சத்துருவான அந்த மழைதான் பாய்லருக்குத் தாய்ப்பால். மாடித் தாழ்வாரத்தில் ஒரு குண்டானை வைத்துப் பிடித்தோம். என் மகள் திருப்புளியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தாத்தா, எங்க ஒடைஞ்சிருக்குன்னு பாக்கலாமா?"

"அது அப்புறம், கண்ணு" என்றார் மாமா. "மொதல்ல இதுல யாரு யாரு கை வெச்சிருக்காங்கன்னு பாப்போம்."